தவிப்புக்கு எடை பார்த்த நாள்

உங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது ஆளா, அவருடைய புகைத் தவிப்பா? பொன்கனி வாழ்க்கைப்பட்ட வீட்டில் தவிப்புதான் முதலில் எழுந்திருக்கும். மூன்று தலைமுறைக்கு மூன்று தவிப்புகள். ஆட்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவை நடுவீட்டில் வந்து உட்கார்ந்து தீப்பெட்டியைத் தேடும்.

யாருடைய தவிப்பு பெரிதோ அவர் மட்டும் நடுவீட்டில் புகைக்கலாம், மற்றவர்கள் கொல்லைக்குப் போகவேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். ஆனால் தாத்தா தன்னுடையதைப் பழைய எடைக்கணக்கான வீசையில் சொல்வார். மாமனார் பீடிக்கட்டில் சொல்வார். சார்ஜ் போட்டு இழுக்கிற குழாய் வைத்திருந்த புருஷன் ராஜபாண்டி சதவீதத்தில் சொல்வான். வழக்கு தீராததால் மூவரும் நடுவீட்டிலேயே ஊதினார்கள். தொட்டில் கட்ட உத்தரம் இருந்ததும் அங்கேதான். பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது.

அங்கன்வாடியில் எடை பார்க்கிற நாளன்று பொன்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று தவிப்புகளையும் கைகோத்து நடக்கவைத்துக் கூட்டிப்போனாள். ஆண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

"என்னோடதை முதல்ல தொங்கவிடு. ஊரே பாக்கட்டும்" என்றார் தாத்தா.

"உமக்குப் பல்லே இல்ல, தவிப்பு மட்டும் எங்கேருந்து வரும்?" என்றார் மாமனார்.

டீச்சர் கையை நீட்டி மறித்தாள். "சட்டையோட எடை போட்டா கணக்கு தப்பும்லா? கழத்துங்க."

பொன்கனி ஒன்றிலிருந்து சுருட்டு நெடியைக் கழற்றினாள். இன்னொன்றிலிருந்து பீடி இலையை உரித்தாள். ராஜபாண்டியுடையது ஸ்ட்ராபெரி வாசனை போட்டிருந்தது. அது கழுத்தில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததால் இழுத்துக் கழற்றினாள். வெறும் உடம்போடு ஒவ்வொன்றாகத் தராசுத் தூளியில் வைத்தாள். முள் மூன்று தடவையும் ஒரே கோட்டில் நின்றது. பிள்ளையைவிட ஒரு பிடி கூடுதல்.

"எதுவும் பெருசில்ல. அப்ப மூணு பேருமே கொல்லைக்கு" என்றாள் பொன்கனி.

வழக்கம் என்றால் வழக்கம்தான். வீட்டுக்கு வந்ததும் மூவரும் கொல்லைக்குப் போனார்கள்.

சாயங்காலம் நடுவீட்டில் தொட்டில் ஏறியது. பிள்ளை இருமாமல் தூங்கியது. உரித்த பிறகு எது யாருடையது என்று தெரியாத மூன்று தவிப்புகளும் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தன. பொன்கனி பழைய சேலையில் இன்னொரு தொட்டில் கட்டி, மூன்றையும் உள்ளே போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே பூண்டு உரித்தாள். பிறகு சட்னி அரைக்க எழுந்தாள்.

பற்றவைக்காத சுருட்டோடு கொல்லைவாசலில் நின்ற தாத்தா எட்டிப்பார்த்துக் கிசுகிசுத்தார்.

"தாயி, மிக்சியை இப்பப் போடாதே. மூணும் இப்பத்தான் கண்ணசந்திருக்கு."