பேனரில் தேறிய காவேரி

வடக்குப்பட்டு பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த பேனரில் இருந்த காவேரி மாதாமாதம் உடம்பு தேறிக்கொண்டே வந்தாள். வீட்டில் இருந்த காவேரி வெளுத்துக்கொண்டே வந்தாள். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரகடம் பக்கம் மனை விலை ஏறிய வேகத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒரு சேதியா?

உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் அறக்கட்டளை, கிராமத்துப் பெண்களின் ரத்தசோகையைப் போக்கி, அப்படியே அவர்களுக்கு அதிகாரமும் அளித்துவிடுவதென்று முடிவெடுத்து முகாம் போட்டது. மேலாளர் நம்பிராஜன், காவேரியின் கையில் சத்து டானிக் பாட்டிலைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். எடுத்ததும், "மண்ணூர்லயும் முகாம் இருக்கும்மா" என்று பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த ஒரே பாட்டில் சுங்குவார்சத்திரம் வரைக்கும் போய் எத்தனையோ பெண்களுக்கு அதிகாரம் அளித்துவிட்டு, சீல் உடையாமல் வேனுக்குத் திரும்பியது. நம்பிராஜன் கெட்டவர் இல்லை. படமில்லாத உதவிக்குத் தலைமை அலுவலகத்தில் மதிப்பில்லை என்பது அவருக்குப் பட்டுத் தெரியும், அவ்வளவுதான்.

பேனரில் ஏறிய காவேரியிடம் பாட்டிலை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குக் குடித்தாள். அச்சடித்த பாட்டில் ஆகையால் மருந்து குறையவும் இல்லை. அடுத்த முகாமுக்குள் அவளுக்குக் கன்னம் உப்பி, ரவிக்கை இறுக்க ஆரம்பித்தது. அறக்கட்டளைக்காரர்கள் பூரித்துப்போய் அந்தப் பேனரையே படமெடுத்து மேலே அனுப்பினார்கள். மேலே விருது வாங்கினார்கள்.

இதற்குள் வீட்டுக் காவேரி கர்ப்பமானாள். நிற்கத் தெம்பில்லாமல் கம்பெனி வேலையை விட்டாள். வலி எடுத்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நர்ஸ் லூர்தம்மாள் பரிசோதித்துவிட்டு, "ரத்தம் ஆறு கிராம்கூட இல்லம்மா. உடனே ஏத்தலைன்னா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. பி நெகட்டிவ் வெளியிலேர்ந்து வரணும், நேரமாவும்" என்றாள். புருஷன் ஜீவானந்தத்தின் ரத்தம் சேரவில்லை. அவளைத் தவிர வேறு உலகம் தெரியாதவன், சுவரோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

மாமியார் சின்னப்பொண்ணு அழவில்லை. நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். "எம் மருமவ துன்ன வேண்டியதெல்லாம் நீ துன்னுட்டு இன்னாடி சிரிச்சிகினு நிக்கிற? எறங்குடி கீழ!" என்று கயிற்றை அறுத்து, பேனரைச் சுருட்டி, ஷேர் ஆட்டோவில் தனக்கு ஒரு இடம், அதற்கு ஒரு இடம் என்று பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

லூர்தம்மாள் பேனரைப் பக்கத்துக் கட்டிலில் விரித்து, முழங்கையைத் தட்டிப் பார்த்தாள். நரம்பு நன்றாகப் புடைத்தது. அதே பி நெகட்டிவ். வேறெதாக இருக்கும்? "பதினாலு இருக்குதே! இந்த வார்டுல யாருக்கும் இவ்ளோ கெடையாது" என்று மெச்சியபடி ஊசியைக் குத்தினாள். சாயங்கால ஷிப்ட் பஸ்கள் கிளம்பும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். ஜீவானந்தம் மறுபடி அழுதான், இந்த முறை சந்தோஷத்தில்.

சேதி கேட்டு ஓடிவந்த நம்பிராஜன், வெளுத்துத் துவண்டு கிடந்த பேனரைப் பார்த்து, "பயனாளி இப்படி ஆயிட்டாங்களே, மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று தலையில் கை வைத்தார்.

"பயனாளி அந்தாண்ட கட்டில்ல கீறா சார். அவளயும் ஒரு தபா பாரு" என்றாள் சின்னப்பொண்ணு. அவர் பார்த்தார். யார் என்று அடையாளம் தெரியவில்லை.

அடுத்த முகாமில் படமெடுத்துக்கொள்ளப் பெண்கள் முண்டியடித்தார்கள். பாட்டிலை அவர் கேட்பதற்கு முன்பே சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது பிரசவத்துக்கு யார் வந்தாலும், லூர்தம்மாள் ஆதார் அட்டை கேட்பதற்கு முன்னால், "பேனர் கொண்டாந்தீங்களா?" என்றுதான் கேட்கிறாள்.