இடது கைக்குழி

என் அக்காவுக்கு உடைந்தது ஒரே ஒரு எலும்பு. அதற்கே அவளைத் தூக்கி மூலையில் உட்கார வைக்க எத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்! நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா பஸ் ஓட்டுகிறவள். பணிமனைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடது பக்கக் காறை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது, ஆனால் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்து, கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி நின்றது. கைக்கு ஒன்றும் குறையில்லை, தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பணிமனைக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பெரிய திருப்பத்தில் ஸ்டியரிங்கை வளைக்கும்போது அக்காவின் இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது. பஸ் நடைபாதையில் இடித்துக்கொண்டு நின்றது.

"இன்னும் ஒரு தடவை பார்ப்போம்மா. அதுலயும் முடியலன்னா டிக்கெட் கவுன்டருக்கு மாத்திடுவோம்" என்றாராம் பரிசோதகர்.

அக்கா வீட்டுக்கு வந்து இதை மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து அத்தான் பேசினார். "கவுன்டர்னா நல்லதுதானே? தலைக்கு மேல ஃபேன், முன்னாடி கண்ணாடி. மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கலாம்."

"கண்ணாடிக்குப் பின்னாடி உட்காரவா நான் பஸ் ஓட்டக் கத்துக்கிட்டேன்?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள். அத்தான் நல்ல மனிதர்தான், வாயைத் திறந்தால்தான் வம்பு.

மறுநாள் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையில்லாத பழைய நைட்டி. கொடி அவள் தலைக்கு மேலே ஒரு முழம். இடது கையை நேராக உயர்த்தி, ஈரப் போர்வையை ஒரே வீச்சில் கொடியில் போட்டாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

"அக்கா, கொஞ்சம் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுட்டு வா."

"எதுக்குடி?"

"வான்னா வாயேன்!"

போட்டுக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். காது வரைகூட வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது சட்டையின் விளிம்பு மேல். கை மேலே போனால் சட்டையும் கூடப் போக வேண்டும், போக வழியில்லை. அடிபட்ட உடம்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று பணிமனையில் இரண்டு அளவு பெரிய சட்டை வேறு கொடுத்திருந்தார்கள்.

"உன் கை இல்லக்கா, இந்தச் சட்டைதான் உன்னைப் பிடிச்சு இழுக்குது!" என்று கத்தினேன்.

"சட்டை மேல பழியைப் போடாத. பிறகு ஊரே சிரிக்கும்" என்றாள் அவள்.

சிரித்தால் சிரிக்கட்டும். இடுப்பை மூடுகிற நீளத்தில், பணிமனையின் கருநீல நிறத்தில் இருந்தால் பெண்கள் சட்டைக்குப் பதிலாக டியூனிக் என்கிற மேலுடுப்பைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு விதி உண்டு. இழுத்தால் நீள்கிற கனமான பனியன் துணியில் நான் தைத்துத் தருகிறேன் என்றேன்.

அத்தான் காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "மச்சினி, நீ ஜன்னலுக்குத் திரை தைக்கிறவ. உங்க அக்கா என்ன ஜன்னலா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் வேலை பார்ப்பது திரைச்சீலைக் கடையில். நேராக வெட்டு, நேராகத் தை, நேராகத் தொங்கவிடு, அவ்வளவுதான் என் படிப்பு. ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைவீதியில் டியூனிக் பேட்டர்ன் ஒன்றை, துணி மேல் வைத்து வெட்டுகிற காகித அச்சை, வாங்கினேன். உறையின் மேல் ஒரு பெண் மரக்கிளையை எட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எட்டினால் என் அக்காவுக்கும் எட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் டியூனிக்கைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பனியன் துணி எந்தப் பக்கம் அதிகமாக நீள்கிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். பேட்டர்னில் பெரிய அம்புக்குறியே போட்டிருந்தார்கள். நான் அம்பைப் பார்க்கவில்லை. மேசையில் துணியை விரித்ததும் கை தன் பாட்டுக்குத் திரைக்கு வெட்டுகிற மாதிரியே வெட்டிவிட்டது. அக்கா தலையை நுழைத்தாள். தோளில் சிக்கியது. அதற்கு மேல் இறங்கவும் இல்லை, திரும்பக் கழலவும் இல்லை. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள்ளே, அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அடியே, மூச்சு முட்டுது! எடுடி!"

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கம்பி ஒண்ணு வேணுமா மச்சினி, மாட்டிடலாம்" என்றார். நானும் அவரும் சேர்ந்து இழுத்துத்தான் அவளை வெளியே எடுத்தோம்.

இரண்டாவது டியூனிக்கில் அம்புக்குறி பார்த்து வெட்டினேன். முனை மழுங்கிய ஊசி மாட்டி, தையல் அறுந்துபோகாமல் இருக்க ஜிக்ஜாக் போட்டேன். கைக்குத் தாராளமாக இடம் இருக்கட்டும் என்று, சட்டைக் கை வந்து சேர்கிற கைக்குழியைப் பேட்டர்னில் இருந்ததைவிட இன்னும் கீழே இறக்கி வெட்டினேன். போட்டுப் பார்த்தால் நின்றபோது அழகாகத்தான் இருந்தது. உட்கார்ந்து கையைத் தூக்கச் சொன்னேன். இடுப்பு வரை மொத்தத் துணியும் விறைத்துக்கொண்டு, கழுத்து ஒரு பக்கமாக இழுபட்டது. கை அதே இடத்தில் நின்றது.

அக்கா கையை இறக்கினாள். "போதும்டி. கைதான் சரியில்லை. நான் கவுன்டருக்கே போறேன்."

குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் முடிவெடுத்துவிட்டவள் மாதிரி அமைதியாக டியூனிக்கைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதே!" என்று ஒரு அதட்டல் போட்டேன். "காயப்போடும்போது தூக்கின கை எங்க போச்சு? நில்லு அப்படியே!"

கோபத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குண்டூசி டப்பாவை எடுத்தேன். தொளதொளவென்று அக்குளில் தொங்கிய துணியைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அள்ளிப் பிடித்து, அக்குளோடு ஒட்டுகிற மாதிரி மேலே ஏற்றிக் குத்தினேன்.

"ஐயோ, இறுக்குதுடி! இதுக்கு மேல கையை எப்படித் தூக்குறது?"

"தூக்கித்தான் பாரேன்!"

தூக்கினாள். கை நேராக மேலே போனது. இடுப்பில் துணி அசையவே இல்லை.

அவள் இறக்கினாள், உட்கார்ந்து மறுபடி தூக்கினாள். கைக்குழி கீழே இறங்க இறங்க, கை தூக்கும்போது மொத்தச் சட்டையையும் சுமந்துகொண்டு போகிறது. அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால் கை மட்டும் போகிறது. எல்லோரும் வசதி, வசதி என்று பெரிதாக்கிப் பெரிதாக்கி அவளைக் கட்டிப்போட்டிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கழுத்து மட்டும் இன்னும் ஒரு பக்கமாக இழுத்தது. அதற்கும் காரணம் தெரிந்துபோனது. பேட்டர்னில் பாதி உடம்புதான் இருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்பில் அதை வைத்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அக்காவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே! பழைய செய்தித்தாளை விரித்து வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரைந்தேன். இடது தோளைச் சரித்து, அந்தப் பக்கக் கைக்குழியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். மூன்றாவது துணியை மடிக்காமல் விரித்து வெட்டினேன். அத்தான் வாயைத் திறக்காமல் விளக்குப் பிடித்தார், அதுவே பெரிய அதிசயம்.

அக்கா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வெகு நேரம் பார்த்தாள். "தோள் சமமா தெரியுதுடி" என்றாள்.

"தோள் அதேதான்க்கா, துணி இப்ப உன் தோளுக்குச் சரியா உட்கார்ந்திருக்கு. உனக்குன்னு அளந்து வெட்டினா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஓட்டிக் காட்டும் நாளில் நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். பரிசோதகர் யாரென்று கேட்டார். "என் டெய்லர் சார்" என்றாள் அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் போய் நின்றார்.

அதே பெரிய திருப்பம் வந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் வலது கை இழுத்தது, இடது கை ஏறியது, வளைத்தது, மறுபடி ஏறியது. அந்தப் பெரிய வண்டி நடைபாதையைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. எதிரே வந்த லாரிக்காரன் நின்று வழிவிட்டான். இன்னொரு திருப்பம், இன்னொன்று. கருநீலத் துணி அவள் தோளோடு போய் அவள் தோளோடு வந்தது. ஒரு சுருக்கம்? ஊஹும்!

பணிமனை வாசலில் பரிசோதகர், "போதும்மா, இங்கயே நிறுத்துங்க. நான் பார்த்துட்டேன்" என்றார்.

"இருங்க சார். நடுவழியில வண்டியை விட்டுட்டு இறங்குறவ இல்ல நான்."

நின்றிருந்த இரண்டு பஸ்களுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது, இன்னொரு பஸ் நுழைந்தால் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் இடம் மிஞ்சும். அக்கா கியரை மாற்றி, கண்ணாடியில் பார்த்தபடி ஸ்டியரிங்கை வளைத்து வளைத்து, பின்பக்கமாகவே வண்டியை அதற்குள் சொருகி நிறுத்தினாள். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் தட்டினார்கள். நான் சீட்டில் ஏறி நின்று விசில் அடித்தேன். எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

பரிசோதகர் சிரித்துவிட்டார். "சரிதாம்மா, ஜெயிச்சுட்டீங்க. ஆபீசுக்கு வாங்க, கையெழுத்துப் போடணும்."

அக்கா சீட்டை விட்டு அசையவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பல் அத்தனையும் தெரிய அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பேப்பரை இங்க எடுத்துட்டு வாங்க சார். நான் இதை விட்டு இறங்குறதா இல்ல."

அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.