ரெக்கார்டு ஆகுது

சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு ஸ்பீக்கர்களையும் அருகருகே வைத்தான் தம்பி. நான் வாங்கி வந்தது வெள்ளை, பூசணிக்காய் மாதிரி உருண்டை. அவன் வாங்கியது கறுப்பு, உயரம். பெட்டியைப் பிரித்த கையோடு அப்பா குண்டு, நெட்டை என்று பெயர் வைத்துவிட்டார். வாயால் சொன்னால் பாட்டுப் போடும், மணி சொல்லும், மாத்திரை வேளையை ஞாபகப்படுத்தும். வீட்டுக்கு ஒன்று போதும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொன்று வாங்கி வந்து நின்றோம். சின்ன வயதிலிருந்தே இந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

அம்மா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். பக்கவாதம் அவளுடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய் அரை வருடம் ஆகிறது. கை இப்போது கொஞ்சம் அசைகிறது. வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. "நல்லாத் தெரிஞ்ச பழைய பாட்டாப் போட்டுக்கிட்டே இருங்க. பேச வராதவங்களுக்குக்கூட சில சமயம் பாட்டோட சேர்ந்து சத்தம் வந்துடும்" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடைவிரிப்பு எல்லாம்.

போட்டியை அப்பா தொடங்கி வைத்தார். பஸ் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "ஏம்மா குண்டு, இன்னைக்கி மழை வருமா?"

"நாம வெச்ச பேரு அதுக்குத் தெரியாதுப்பா. அதோட சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

"பொறந்த வீட்டுப் பேரா? சரி, சொல்லிக் குடு."

நெட்டை, சமையலறையிலிருந்து கூப்பிட்டாலும் காது கொடுத்தது. ஆனால் அதன் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. குண்டு பாடினால் அறையே நிறைந்தது. ஆனால் பக்கத்தில் போய்க் கெஞ்சினால்தான் மனம் இரங்கும்.

"அப்பா அடுப்புகிட்ட நிக்கும்போது மாத்திரை நேரம் கேக்க வேணாமா? என்னோடதுதான் சரி" என்றான் தம்பி.

"பாட்டுக்குத்தானடா வாங்கினோம்?"

விட்டால் அடித்துக்கொண்டிருப்போம். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் ஏவ வேண்டிய சாமானை, வாய் திறக்க முடியாதவள் முன்னால் வைத்துக்கொண்டு இதென்ன பெருமை என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அந்தப் படகுப் பாட்டப் போடு" என்றார் அப்பா.

நாங்கள் படகுப் பாட்டு என்று சொல்வது அம்மாவின் பாட்டு. ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் டேப் ரெக்கார்டரை அதன் முன்னால் வைத்துப் பதிவு செய்வாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஃபேனை நிறுத்தி, குழாயை மூடி, உதட்டில் விரலை வைத்துக் காவல் நிற்பாள். படகுப் பாட்டு பதிவான அன்று, புல்லாங்குழல் வந்த இடத்தில் தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தமில்லாமல்தான் குலுங்கினான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஷ்ஷ்! வாய மூடுங்க, ரெக்கார்டு ஆகுது!" என்று ஒரு கத்தல். நாடாவில் பதிந்த ஒரே வீட்டுச் சத்தம் அதுதான். அதற்குப் பிறகு அப்பா செய்த கிண்டலுக்கு அளவே இல்லை. நாங்கள் அந்தப் பாட்டை அதட்டலோடு சேர்த்தே பாடுவோம். வேறெங்காவது கேட்டால் பாட்டில் ஒரு வரி காணாமல் போனது போல இருக்கும்.

பிறகு ஒருநாள் டேப் ரெக்கார்டர் அந்த நாடாவைத் தின்று ஏப்பம் விட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருந்தவளின் குரலுக்கா பஞ்சம் வரப்போகிறது? இப்போது அந்த ஒரு கத்தலுக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

குண்டு பாட்டைப் போட்டது. தூசி தட்டித் துடைத்து வைத்த மாதிரி அத்தனை சுத்தம். "பாத்தியா சவுண்ட?" என்றேன். "சவுண்டு மட்டும் போதுமா?" என்று அவன் ஆரம்பித்தான். நான் விடவில்லை. புல்லாங்குழல் வந்ததுகூட எங்கள் காதில் விழவில்லை. அப்பா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தாள். எங்களைத்தான் பார்த்தாள், பழைய கோபத்தோடு. இடது கை மெல்ல மடியிலிருந்து எழுந்து உதட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. விரலுக்குப் பின்னாலிருந்து, "ஷ்ஷ்..."

காற்றா, குரலா, எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் பிடி இறுகியது.

"மிச்சத்தயும் சொல்லும்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

விரலை எடுக்காமல் அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது சரணம் தொடங்கியது. தம்பி நாற்காலியைப் பின்னால் இழுக்காமல், உடம்பைச் சுருக்கி எழுந்தான். அடிமேல் அடி வைத்துச் சுவரோரம் போய் ஃபேனை நிறுத்தினான். அதன் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.