கூட வந்தவர்களுக்கு மிட்டாய்

டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில், மணி அடிப்பதற்கு முன்பே அக்கா 'வணக்கம்' சொல்லிவிடுவாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். அவளுடைய நாக்கு இன்னும் பெறவில்லை.

தம்பி இதற்கு நேர் எதிர். நாற்பத்தைந்தைத் தாண்டியவன். பிறந்ததிலிருந்தே எதையும் புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் பிடிக்கும். புரிந்ததைச் சொல்ல அதைவிட நேரம் பிடிக்கும். காபி வேண்டுமா என்று கேட்டால், காபி ஆறி, ஆடை கட்டி, ஈ வந்து விழுந்து, அந்த ஈக்கு வயதான பிறகுதான் 'டீ' என்பான். எந்த வழக்கையும் ஒத்திவைப்பதால் வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர்.

ஒத்திவைத்ததையெல்லாம் அக்காவே எடுத்து முடித்துவிடுவாள். பல் டாக்டர் 'எந்தப் பல் வலிக்குது?' என்று அவனைக் கேட்டபோதும் அவள்தான் கை நீட்டிக் காட்டினாள். டாக்டர் பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகு ஜட்ஜ் சொன்னான்: "இது இல்ல."

அந்த அக்காவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். 'உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தம்பியை யார் பாத்துக்குவாங்க?' என்று இதய டாக்டர் கேட்க, பதில் இல்லாத கேள்வியை அக்கா வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தித்தாள். டாக்டரே ஒரு சேவை மையத்தைச் சொல்லி அனுப்பினார். ஜட்ஜைப் போன்றவர்கள் மூன்று பேர் சேர்ந்து குடியிருக்கும் வீடு ஒன்று அந்த மையத்துக்கு இருந்தது. பணியாளர்கள் முறை வைத்து வந்து துணையிருப்பார்கள். அதில் ஓர் அறை காலி. ஜட்ஜ் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இன்று மாலைக்குள் அவன் தன் வாயால் வருகிறேன் என்றால் அறை அவனுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு.

வேண்டாம் என்றுதான் சொல்வான் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. இருட்டென்றால் பயப்படுகிறவன்; இரண்டு அறைக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் தூங்குகிறார்கள். மரியாதைக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று அவனோடு மையத்துக்கு வந்திருந்தாள்.

மையத்தின் மேலாளர், தடிமனான கண்ணாடி போட்ட பெண், ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"மிட்டாய் எடுத்துக்குங்கக்கா."

"அவனுக்கு?"

"சாருக்கு இல்ல. கூட வந்தவங்களுக்கு மட்டும்தான். பல்லுல ஒட்டும், கரைய நேரமாகும். அது கரையற வரைக்கும் அவர்தான் பேசுவார்."

தம்பியை ஒருத்தி சார் என்று சொன்னதில் அக்கா கொஞ்சம் தடுமாறிவிட்டாள். "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா."

"சர்க்கரை போடாததும் வச்சிருக்கோம்."

"ரொம்ப அனுபவம் போலிருக்கே."

"நீங்க முதல் ஆள் இல்லக்கா."

வேறு வழியில்லாமல் வாயில் போட்டுக்கொண்டாள். ஊரையே ஒட்டவைக்கும் பிசின் அது. மேல்வரிசைப் பல்செட்டும் கீழ்வரிசைப் பல்செட்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களின் சார்பாக, நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரர் வந்திருந்தார். கூடக் குடியிருப்பவர்களுக்கும் கருத்து உண்டல்லவா. தன் கருத்தை அவர் முதலிலேயே சொன்னார். "ரிமோட் என்கிட்டதான் இருக்கும். சனிக்கிழமை தருவேன்."

மேலாளர் மேசையில் இரண்டு புகைப்படங்களை வைத்தாள். ஒன்று காலி அறை, மற்றது ஜட்ஜின் இப்போதைய அறை. "சார், எங்க இருக்க விரும்பறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

ஜட்ஜ் படங்களைப் பார்த்தான். சன்னலைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான். அந்த மௌனத்தில் ஒரு மாங்கொட்டையை ஊன்றியிருந்தால் மரமாகி, காய்த்து, காய்க்குக் குத்தகைக்காரனும் வந்திருப்பான். அக்காவுக்குத் தொண்டைவரை பதில் வந்து முட்டியது. "வனுக்கு ருட்டுன்னா..." என்று ஆரம்பித்தாள். மேலாளர் பேசாமல் கிண்ணத்தை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். அக்கா மேசைக்கடியில் தம்பியைக் காலால் சீண்டிப் பார்த்தாள்.

"அது என் கால்," என்றார் தோட்டக்காரர்.

கடைசியில் ஜட்ஜின் விரல் நகர்ந்தது. சொந்த அறையின் படத்தின் மேல் போய் நின்றது. அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். ஸ்டென்டே ஒரு துள்ளு துள்ளியிருக்கும்.

"இங்க," என்றான் ஜட்ஜ். விரல் எழவில்லை. "கதவு சாத்த விட மாட்டாங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா குறட்டை."

தோட்டக்காரர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று மேலாளரைப் பார்த்தார். ஜட்ஜ் அடுத்த படத்தைத் தொட்டான். "இங்க சாத்தலாமா?"

"சாத்தலாம் சார். உள்ளே தாழ்ப்பாள்கூட இருக்கு."

"இருட்டு?"

"பயமா இருந்தா விளக்கு போட்டுக்கலாம்."

"எனக்கு இருட்டு பிடிக்கும்," என்றான். பிறகு, அவன் கணக்குக்கு மின்னல் வேகத்தில், "இதுதான்."

மிட்டாய் எப்போது கரைந்ததென்று அக்காவுக்குத் தெரியவில்லை. "நீங்க ஏதாவது சொல்லணுமாக்கா?" என்று மேலாளர் கேட்டாள். சொல்ல ஒரு வண்டி இருந்தது. காலை மாத்திரை, சோப்பு பட்டால் அவனுக்கு வரும் அரிப்பு, மழையில் சளி. குறட்டை விடுவது தானில்லை, அடுத்த வீட்டு மோட்டார் என்ற மறுப்பும் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அவனிடம் திரும்பினாள்.

"டேய், நான் வந்து பாக்கலாமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். தோட்டக்காரர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். வெளியே அடுத்துக் கூப்பிட வேண்டிய குடும்பம் இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வா," என்றான் ஜட்ஜ். "தட்டிட்டு வா."

"எத்தனை மணிக்குடா?" என்று கேட்டுவிட்டு, அக்கா நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள்.