முந்நூறு அலகுகள்

பச்சைக்காரிக்குப் பிடரியில் வலி கண்ட மூன்றாவது வருஷம், அவள் வண்ணம் பூசிய கிளிகள் இருமத் தொடங்கின. வலி ஒன்றும் புதுசில்லை. நாள் முழுக்கக் குனிந்து தாளைப் பார்க்கிற வேலையில் முதலில் கழுத்து போகும், அப்புறம் கண் போகும் என்று பட்டறையில் சேருகிற அன்றைக்கே மேஸ்திரி சொல்லிவிடுவார். கிளிகள் இருமியதுதான் புதுசு.

அது பறவைப் புத்தகங்களுக்குப் படம் தயாரிக்கிற பட்டறை. அச்சில் கறுப்புக் கோடாக வந்து விழும் கிளிக்குப் பெண்கள் கையால் வண்ணம் ஏற்றுவார்கள். ஆளுக்கு ஒரு வண்ணம். நீள மேசையில் தாள் கைமாறிப் போகும். முதலில் கழுத்து வளையத்துக்குச் சிவப்பு, அடுத்து உடம்புக்குப் பச்சை, பிறகு வாலுக்கு நீலம், கடைசியில் அலகும் கண்ணும். பச்சை பூசியவள் பச்சைக்காரி. கடைசி இருக்கையில் அலகு பூசியவள் அவளுடைய தங்கை. அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்து, கைபிடித்து அந்த மேசையில் உட்கார வைத்தவள் பச்சைக்காரிதான். படம் வரைந்தவர், பஞ்சு அடைத்த செத்த கிளியை வெட்டி வைத்த பழங்களுக்கு நடுவில் நிறுத்தி, வாய்க்குள் தீக்குச்சியை முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்து வரைந்திருந்தார். நாக்கு தெரிந்தால்தான் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்குமாம். அதனால் முந்நூறு பிரதியிலும் கிளி வாயைத் திறந்துகொண்டே நின்றது.

பச்சைப் பொடி தகர டப்பாவில் வரும். அந்த டப்பா இருந்த அலமாரிப் பக்கம் எலிகூட எட்டிப் பார்த்ததில்லை. இறகு இறகாகக் கோடு இழுக்கத் தூரிகை ஊசி மாதிரி நிற்க வேண்டும். பச்சைக்காரி அதை உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டி எடுப்பாள். ஒரு கிளிக்கு நாற்பது உருட்டு. பல்லெல்லாம் பாசி பிடித்துப் போயிருந்தது. இவள் வாயைத் திறந்தாலே பச்சை பச்சையாகத்தான் வரும் என்று சிவப்பு பூசுகிறவள் கிண்டல் செய்வாள். பச்சைக்காரி அதற்கு ஏற்ற மாதிரியே எதையாவது சொல்லி மேஸ்திரியை எழுந்து வெளியே போக வைப்பாள். தங்கை மட்டும் சிரிக்கமாட்டாள்.

“தண்ணியில நனைச்சா என்னக்கா குறைஞ்சுபோகும்?”

“தண்ணியில நனைச்சா இறகு தடியா விழும். தடியா விழுந்தா இந்த இடத்துல வேற ஒருத்தி உக்காருவா. நீ உன் அலகப் பாருடி.”

முதல் புகார் புத்தகம் வாங்கிய ஒரு டாக்டரிடமிருந்து வந்தது. கிளியின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்ததாகவும், சளி இல்லை, உள்ளே புண் என்றும் எழுதியிருந்தார். பரீட்சை நேரத்தில் தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எழுதினார்கள். இரண்டு மாதத்தில் முந்நூறு பிரதியும் திரும்பி வந்துவிட்டன. கட்டுக் கட்டாக அடுக்கிய அறையில் அவை சேர்ந்து இருமின. இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல், முடிவில் ஒரு விசில். அது யாருடைய இருமல் என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும், எல்லாத் தலையும் பச்சைக்காரி பக்கம் திரும்பியது. முதலாளி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். சனிக்கிழமைக்குள் புத்தகங்கள் வாயை மூடவில்லை என்றால் பச்சைக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். இருமுகிறவளுக்கு வேறெந்தப் பட்டறையும் இடம் தராது.

தங்கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். சாம்பல் கறுப்பில் பசையை இரட்டிப்பாகக் கலந்து, மூன்று நாளில், முந்நூறு கிளிகளின் அலகுகளையும் மூடி வரைந்தாள். கடைசி அலகு மூடிய அதே நேரம் பச்சைக்காரியின் இருமலும் நின்றது. நெஞ்சு பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். வாங்கியவர்களுக்கே திருப்பி அனுப்ப முதலாளி புத்தகங்களை அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் பச்சைக்காரிக்கு வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த உள்ளூர் டாக்டர் கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பார்த்தார், தாடை இறுக்கம் என்று எழுதிக் கொடுத்தார். தங்கை கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். இரண்டு உதடும் சேருகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, இடப்பக்கம் தடித்து வலப்பக்கம் மெலிந்து. தங்கையின் கை இழுக்கிற கோடு அது. பட்டறைக்கு ஓடினாள். வண்டியில் இடமில்லாமல் இருபத்தாறு பிரதிகள் மிச்சம் இருந்தன. ஈரப் பஞ்சால் ஊறவைத்து, சின்னக் கத்தியால் சுரண்டி, ஒவ்வொன்றாகத் திறந்தாள். வீடு திரும்பியபோது அக்காவின் வாய் ஒரு குச்சி நுழைகிற அளவு விட்டிருந்தது. கஞ்சித் தண்ணீர் இறங்கியது.

அதன்பிறகு புத்தகம் வாங்கியவர்களின் விலாசப் பட்டியலும் பஞ்சும் கத்தியுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். சில வீட்டில் வாசலிலேயே மத்தியானம்வரை நிற்க வைத்தார்கள். முதல் புகார் எழுதிய டாக்டர் மட்டும் ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நூற்றுப் பத்தாவது கிளி திறந்த அன்று பச்சைக்காரிக்குப் பேச்சு வந்தது.

“பச்சையில இப்ப யாருடி உக்காந்திருக்கா?”

“யாருமில்லக்கா. உன் இடம் அப்படியேதான் இருக்கு.”

அந்த இடத்தில் திங்கட்கிழமையே சிவப்புக்காரியின் மகள் உட்கார்ந்துவிட்டாள். தூரிகையை அவளும் உதட்டில்தான் உருட்டினாள்.

இருநூற்று நாலாவது கிளி மூன்று ஊர் தள்ளி இருந்தது. அதன் வாயைத் திறந்ததும், அது இருமாமல், அக்கா மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, சீக்கிரம் வரச் சொன்னது. அவள் வந்து சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் பச்சைக்காரியின் தாடையைத் துணியால் இறுக்கிச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்க்கச் சொல்லித் தங்கை சண்டை போட்டாள். யாரும் கேட்கவில்லை.

தங்கை நிறுத்தவில்லை. அடுத்த வருஷங்களில் இருபது, முப்பது என்று திறந்துகொண்டே போனாள். திறந்த கிளிகள் காலையில் ஒருமுறையும் மழைக்கு முன்னால் ஒருமுறையும் இருமுகின்றன. வீடுகளில் பழகிவிட்டது. இருமலைக் கேட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போகிறார்கள். பழைய புத்தகக் கடையில் இருமும் பிரதிக்கு விலை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பட்டியலில் மிச்சமிருக்கும் விலாசங்களில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். புத்தகம் எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அவள் இன்னும் பதினோரு வாய் திறந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.