தோல் வார்

நெய்ப்பந்தத்தைப் பற்றவைத்து மகள் மயிலாளின் கையில் சென்னம்மாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்திலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"சின்னவனத் தலமாட்டுக்குக் கொண்டாங்க. அவனுக்காகத்தானுங்க உசிரையே குடுத்தாரு."

கொழுந்தன் மனைவி முத்தாத்தாள் கைக்குழந்தையோடு முன்னே வந்தாள். மூத்த பேத்தி மயிலாள் கால்மாட்டுக்குத் தள்ளப்பட்டாள். மாமனார் சென்னியப்பன் வாசலில் கிடத்தப்பட்டிருந்தார். உயிரோடிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று சென்னம்மாள் நினைத்தாள்.

மயிலாள் பிறந்தபோது வீட்டில் கார் இல்லை. மாமனார் அவளைச் சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டுக் கூட்டிப்போவார், அதுவும் நினைத்துக்கொண்டால்தான். சின்னவன் பிறந்ததும் பழைய அம்பாசிடர் வந்தது. அதன் பின்னாலேயே, முன்சீட்டில் கொக்கி போட்டு மாட்டும் குழந்தை சீட்டும் வந்தது. கோயமுத்தூர்க் கடையில் ஒவ்வொன்றாக அமுக்கி, ஆட்டிப் பார்த்து, கம்பி கெட்டியாக இருந்ததைப் பொறுக்கினாராம். வரும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாராம். முத்தாத்தாள் இதைச் சொல்லாத ஆள் திருப்பூரில் பாக்கியில்லை.

சீட்டோடு வந்த தோல் வாரைக் கழற்றிப் போட்டவரும் அவர்தான்.

"பிஞ்சு ஒடம்ப அறுக்கும் கண்ணு. நம்ம பனியன் துணியாட்டம் மெதுவு எதுல வரும்?" என்றார். கண்ணு என்றது முத்தாத்தாளை.

தன் பனியன் கம்பெனித் துணியிலேயே வார் தைத்துக் கட்டினார். பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது அவருக்குத் தெரியாததா? பாசம் கண்ணை மறைத்துவிட்டது. நேற்றுக் குன்னத்தூர் ரோட்டில் மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டான். வார் நீண்டு குழந்தை சரிந்தது. பக்கத்தில் இருந்த மாமனார் பாய்ந்து பிடித்தார். அவர் நெஞ்சு முன்பலகையில் மோதியது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை.

மயிலாள் சரிந்திருந்தாலும் இப்படிப் பாய்ந்திருப்பாரா? விடிந்ததிலிருந்து சென்னம்மாள் இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாடை தெருத் திரும்பியதும், அவருடைய பாய் தலையணையோடு அந்தச் சீட்டையும் முத்தாத்தாள் வெளியே எறிந்தாள்.

"அதக் கண்ணுல பாக்க முடியலீங்கக்கா. அதும் போய்த் தொலையட்டும்."

"இருக்கறவங்க எறிவாங்க," என்றாள் சென்னம்மாள், பாதி வாய்க்குள்ளேயே.

சாவோடு வெளியே போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது. எல்லாரும் தலை முழுகப் போன நேரத்தில் அவள் எடுத்தாள். பரணில் கிடந்த தோல் வாரைத் தேடிக் கோத்தாள். டிரைவர் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காரின் முன்சீட்டில் கொக்கியை மாட்டி, மயிலாளைத் தூக்கி உட்காரவைத்தாள்.

ஐந்து வயதுப் பிள்ளையின் இடுப்பு கம்பிக்குள் இறங்கவில்லை. முட்டி நெஞ்சில் இடித்தது. வார் மறுபக்கத்துக் கொக்கிக்கு எட்டவில்லை.

"அம்மா, வலிக்குது. எறங்கிக்கட்டுமா?"

"கொஞ்ச நேரம் உக்காரு கண்ணு."

சென்னம்மாள் வாரை இன்னொரு முறை இழுத்தாள். அது நீளவில்லை.