ஓடு வீடு

கண்டக்டரின் வீடு பதினொரு நாளுக்கு ஒருமுறை ஊரைச் சுற்றிக்கொண்டு தன் மனைக்குத் திரும்பும். மழைக்காலத்தில் பன்னிரண்டு நாளாகும். நிமிடத்துக்கு ஒரு சாண் என்பது அதன் வேகம். உள்ளே இருப்பவர்களுக்கு அசைவு தெரியாது. தம்ளரில் தேநீர் தளும்பாது. மின்சாரத்துக்கு மர உருளையில் சுற்றிய நீண்ட கம்பியும், தண்ணீருக்கு அதைவிட நீண்ட ரப்பர்க் குழாயும் இருந்தன. எதிரில் வரும் வாகனங்கள் ஒதுங்கி வழிவிட்டன. பேருந்தில் முப்பது ஆண்டுகள் சீட்டுக் கிழித்து ஓய்வுபெற்ற கண்டக்டர், முதல் நாள் மருந்துக் கடை, நான்காம் நாள் பள்ளிக்கூட மதில், எட்டாம் நாள் தையற்கடை என்று வீட்டுக்கு ஒரு கால அட்டவணை எழுதி, தகரத்தில் தீட்டி, தம் மனையின் முன்னால் தொங்கவிட்டிருந்தார். அவர் மனைவிக்குக் கண்பார்வை மங்கல். கடைக்குப் போய்த் திரும்பும்போது நாலு பேரிடமாவது, “எங்க வீட்டைப் பாத்தீங்களா?” என்று கேட்டுத்தான் வந்துசேர்வார். பத்தொன்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

மண் சரியில்லை என்றார்கள் பொறியாளர்கள். மனைவியோ கணவரைத்தான் குற்றம் சொன்னார். கண்டக்டரின் காலில் சக்கரம், அது வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது என்பது அவருடைய தீர்மானம். உண்மைக் காரணம் தெரிந்தவர் அந்த ஊரில் ஒரே ஒருவர். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஊரில் வீடுகள், மதிப்பீட்டாளர்கள் தம் அறிக்கையில் எழுதியபடி நடந்துகொண்டன. ‘வெளிச்சம் கொட்டும் கூடம்’ என்று ஒருவர் எழுதியதால், அந்தக் கூடத்தில் காலையும் மாலையும் வாளி வைத்து அள்ள வேண்டியிருந்தது. ‘சாலையைப் பார்த்த வீடு’ எனப்பட்ட வீடு போவோர் வருவோரை வைத்த கண் வாங்காமல் பார்த்ததில், பெண்கள் மறுபக்க நடைபாதைக்கு மாறினார்கள். ‘பேருக்கு ஒரு சமையலறை’ என்று எழுதப்பட்ட வீட்டில், கதவின் மேல் பெயர் இருந்தது. கதவைத் திறந்தால் சுவர்தான் இருந்தது. குடியிருந்தவர்கள் பத்து ஆண்டுகள் வெளியில் சாப்பிட்டார்கள். சொல்லைக் கையாளத் தெரியாதவர்கள் கையில் எழுதுகோலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இவர்களுக்கு நடுவே பிழையற எழுதுபவர் என்று பெயரெடுத்தவர் ஒற்று மேடம். அது ஊர் வைத்த பெயர். மதிப்பிடப் போகும் வழியில் ‘பழ கடை’ என்றொரு பலகையைக் கண்டால், பையிலிருந்து மையை எடுத்து, நடுவே ஒரு ‘க்’ போட்டுவிட்டுத்தான் மேலே நடப்பார். அவர் மதிப்பிட்ட வீடுகள் அடக்கமாக நின்றன, ஒன்றைத் தவிர.

பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், கண்டக்டர் வீட்டின் அறிக்கையில், பதினோராம் பக்கத்தின் கடைசி வரியில், களைப்பில், ‘ஓட்டு வீடு’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘ஓடு வீடு’ என்று எழுதிவிட்டார். காடு காட்டு வழி ஆவதுபோல, ஓடு ஓட்டு வீடு ஆகவேண்டும். டகரம் இரட்டிக்க வேண்டும். இரட்டிக்காவிட்டால் அது வினைத்தொகை. ஓடிய வீடு, ஓடுகின்ற வீடு, ஓடும் வீடு என மூன்று காலத்தையும் உள்ளே ஒளித்துவைத்திருக்கும் தொடர் அது. வீடு அப்படியே பொருள்கொண்டு, மறுநாளே கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் கடைத்தெருவில் அதை எதிரே கண்டபோது ஒற்று மேடத்துக்குப் புரிந்துவிட்டது. முத்திரையிட்ட அறிக்கையைத் திருத்த அன்றைய விதியில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது வேறு. அதற்குள் அவருக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

பத்தொன்பதாம் ஆண்டில் தலைமை அலுவலகத்துக்குப் பெயரடைகள் சலித்துப்போயின. வரும் ஒன்றாம் தேதி முதல் உரைநடை அறிக்கைகள் ஏற்கப்படமாட்டா. எல்லோரும் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரே படிவத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நான்கு மூலைகளும் பதிவேட்டிலுள்ள எல்லைக் கற்களோடு பொருந்தாத வீடு, வீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு வாகனப் பட்டியலில் சேர்க்கப்படும் என்று அதன் ஏழாம் பத்தி கூறியது. வாகனத்தில் குடியிருப்பது குற்றம். போக்குவரத்து அலுவலர் ஒருவர் கண்டக்டர் வீட்டுக்கு வந்து, முகப்புவிளக்குப் பொருத்த முன்சுவரை அளந்துவிட்டுப் போனார். கண்டக்டரும் மனைவியும் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார்கள். எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. எழுவாய் உண்டு, பயனிலை இல்லை. கேள்வி உண்டு, வினாக்குறி இல்லை. இப்படி ஒரு படிவத்தை ஒற்று மேடம் தம் வாழ்நாளில் கண்டதில்லை. கைப்புத்தகத்தில் ‘சுவரில்’ என்பது பதினான்கு இடங்களில் ‘சுவற்றில்’ என்று அச்சாகியிருந்தது. சுவறுதல் என்றால் வற்றிப்போதல். நல்லவேளையாக எந்த வீடும் கைப்புத்தகத்தைப் படிக்கவில்லை. அவர் பதினான்கையும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கூரைக்கான பட்டியலைத் திறந்தார். அதில் இருந்த சொல் ‘ஓடு’.

“இதைக் கூரை படிச்சா என்ன ஆகும்?” என்று பயிற்சியாளரைக் கேட்டார்.

“என்ன மேடம் ஆகும்?”

“‘ஓடு’ன்னு கட்டளை போட்டா ஓடாம என்ன பண்ணும்? சுவரை விட்டுட்டு அது மட்டும் கிளம்பிடும்.”

பயிற்சியாளர் சின்ன வயதுக்காரி. அந்த வாரம் இதைவிட விசித்திரமான கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருந்தாள். “அந்தச் சொல்லு நம்ம கண்ணுக்குத்தான் மேடம். உள்ள போறது வெறும் நம்பர். ஓட்டுக் கூரைக்கு நாலு.”

“நாலுக்குக் காலம் கிடையாதே.”

“நாலுக்கு ஒண்ணுமே கிடையாது மேடம்.”

ஒற்று மேடத்துக்குப் பாதி மூச்சு வந்தது. மீதி மூச்சு முந்நூற்றுப் பதினோராம் கட்டத்தில் சிக்கியிருந்தது. முந்தைய அறிக்கையில் பிழை உண்டா, ஆம் அல்லது இல்லை. ‘இல்லை’ என்றால் பழைய அறிக்கையே செல்லும். ‘ஆம்’ என்றால்தான் அது ரத்தாகும். அப்போது பிழை இன்னதென்று அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும். எழுதியது அலுவலக வாசலில் பெயரோடு ஒரு மாதம் ஒட்டப்படும். பத்தொன்பது ஆண்டுகளில் அவரை இப்படி நேருக்குநேர் கேட்டவர் யாருமில்லை.

அறைகளை அளக்க அவர் போன அன்று வீடு தையற்கடை எதிரில் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் கட்டிய பெட்டி ஒன்றைக் காட்டி, “உட்காருங்க மேடம், அடுத்த ஸ்டாப்புக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றார். அவர் உட்காரவில்லை.

“உங்க வீடு ஓடுறதுக்கு மண்ணு காரணம் இல்ல. நான்தான். அன்னைக்கு ஒரு ‘ட்’ விட்டுட்டேன்.”

சமையலறையிலிருந்து கண்டக்டரின் மனைவி எட்டிப்பார்த்தார். “ஒரே ஒரு எழுத்தா?”

“மெய்யெழுத்தும்மா. அரை மாத்திரைதான்.”

கண்டக்டர் சற்று நேரம் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். “அரை டிக்கெட்டுக்கா இவ்வளவு தூரம் ஓடிச்சு?” என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். கண்டக்டரின் முகத்திலிருந்து பத்தொன்பது ஆண்டுப் பாரம் இறங்கியிருந்தது. “கேட்டியா? என் கால்ல சக்கரம் இல்லையாம்.”

“சரி, இல்ல. அதுக்காக வீட்ல இருந்தீங்களாக்கும்?” என்றார் மனைவி. ஆனாலும் அன்று தேநீரில் முதல் தம்ளர் கணவருக்குத்தான் போயிற்று. இரண்டாவது தம்ளரை மேடத்தின் கையில் கொடுத்து, “இத்தனை வருஷம் இதை எப்படிம்மா வயித்துல வெச்சிட்டிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். ஒற்று மேடம் தேநீரைக் குடித்துவிட்டு அறைகளை அளக்கத் தொடங்கினார்.

மாதத்தின் கடைசி நாள் காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு வீடு தன் மனைக்கு வரவேண்டும் என்றது அட்டவணை. ஒரு நிமிடம் முந்தி அனுப்பினாலும் பிந்தி அனுப்பினாலும், ஒரு சாண் தள்ளி நின்றுவிடும். மூலைகள் பொருந்தாமல் வாகனமாகிவிடும். ஒற்று மேடம் மடிக்கணினியோடு கூடத்தில் அமர்ந்தார். கூரை: நான்கு. பிழை: ஆம். அடுத்த கட்டத்தில் ஐம்பது எழுத்துக்கு இடம் இருந்தது. ‘டகர ஒற்று விடுபட்டது’ என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தார். வெளியே, எல்லைக் கல்லருகே குந்தியிருந்த கண்டக்டர், பேருந்தை நிறுத்தும் ஒற்றை விசிலை நீளமாக ஊதினார். ஒற்று மேடம் படிவத்தை அனுப்பினார். காற்று பிரேக் போட்டதுபோல் ‘புஸ்’ என்றது வீடு. நின்றது. தம்ளர்கள் முதன்முறையாகத் தளும்பின. நான்கு நிமிடங்கள் கழித்து, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்தது. நடுவிலுள்ள ககர ஒற்று உரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் முழு மூச்சு விட்டார்.

அறிவிப்பு ஒரு மாதம் வாசலில் இருந்தது. பழக் கடைக்காரர் வந்து இரண்டு முறை படித்து, “நமக்கு ஒரு ‘க்’, மேடத்துக்கு ஒரு ‘ட்’” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் ஊர் ஒன்றும் சொல்லவில்லை. புதிய படிவங்கள் வரவர மற்ற வீடுகளும் அடங்கின. கூடத்து வாளிகள் கவிழ்த்துவைக்கப்பட்டன. சாலையைப் பார்த்த வீடு தலைகுனிந்தது. ‘சமையலறை: 1’ என்று பதிந்த மறுநாள், சுவர் இருந்த இடத்தில் அடுப்பும் மேடையும் தொட்டியும் இருந்தன.

கண்டக்டரின் மனைவி கடைக்குப் போய், பழக்கத்தில் தையற்காரரை நிறுத்தி, எங்கள் வீட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். “விட்ட இடத்துலயேதாம்மா இருக்கு” என்றார் அவர். உண்மைதான். மனைவி போய்ப் பூட்டைத் திறந்தார். கம்பியும் குழாயும் பரணுக்குப் போயின. கண்டக்டர் தகரத்தைச் சுரண்டிப் புதிய அட்டவணை தீட்டினார்: ‘முதல் நாள் முதல் பதினோராம் நாள் வரை: இங்கே. மழைக்காலத்தில் பன்னிரண்டாம் நாளும்.’ அந்த வழியாகப் போன ஒற்று மேடம் நின்று, இருமுறை படித்து, பிழை ஒன்றும் இல்லாததால், பையிலிருந்து எடுத்த மையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.